கதவு சாத்தாத கோட்டை

அவரிடம் ஒரு கடப்பாரை இருந்தது. ஓடைப்பட்டியில் அவருக்கு எதிர்வீட்டில் பல வருஷம் குடியிருந்தவள் நான். அந்தக் கடப்பாரை அவர் வீட்டில் கிடந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. யாராவது வாங்கிப் போயிருப்பார்கள். வாங்கினவரிடமிருந்து இன்னொருவர் வாங்கியிருப்பார். ஊரில் எங்கே குழி தோண்டினாலும் அது அவர் கடப்பாரையாகத்தான் இருக்கும். அவருக்கே திராட்சைக் கொடி நடக் குழி எடுக்க வேண்டி வந்தால், "நம்ம கடப்பாரை யாருகிட்ட இருக்குன்னு தெரியுமா தாயி?" என்று தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு போவார். விசாரிக்கப் போன வீட்டில் யாராவது மண்வெட்டி கேட்டால் அதையும் கொடுத்துவிட்டு வருவார்.

'இல்லை' என்ற சொல் அந்த மனுஷனுக்கு வராது. வாயைத் திறப்பார். தொண்டைவரை ஏதோ வரும், அப்படியே நிற்கும். கடைசியில் "எடுத்துக்கங்க" என்று வெளியே வரும். திராட்சைக்கு மருந்தடிக்க வேண்டிய நாளில் மருந்தடிக்கிற மிஷினைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டு, தன் தோட்டத்தில் அடிச்சாம்பல் நோய் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர். ஒருமுறை சொந்தக்காரர் ஒருவர் வந்து இவருடைய பட்டு வேட்டியைக் கேட்டு வாங்கிப் போனார். இரண்டு பேரும் போனது ஒரே கல்யாணத்துக்கு. அவர் பட்டு வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, இவர் கைத்தறி வேட்டியோடு பந்தியில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"ஒங்களுக்கு வாய் எதுக்குண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"சாப்பிடத்தான் தாயி" என்றார்.

இன்னொரு நாள் நிதானமாகச் சொன்னார்: "கேக்குறதுக்கு முன்னாடி அவுக வீட்ல ஒக்காந்து எம்புட்டு ரோசனை பண்ணியிருப்பாக? வாசல்ல வந்து நின்ன பெறகு இல்லேன்னுட்டா, மூஞ்சிய எங்கன வச்சுக்குவாக?"

அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி உள்ளேயிருந்து, "மூஞ்சிய வச்சுக்க எடமில்லேன்னா அதுக்கும் நம்ம வீட்டுப் பரண்ல எடம் குடுத்துருவாரு" என்றாள்.

அவர் கோட்டை கட்டிய கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. திராட்சை நன்றாகப் போன சமயம். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்ட முடிவு பண்ணியிருந்தார். அந்த நேரம் பார்த்துத் திண்டுக்கல்லுக்கு ஒரு காதுகுத்துக்குப் போனவர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மலைக்கோட்டையில் ஏறிவிட்டார். இறங்கி வந்த ஆள் வேறு ஆள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மதினியிடம் சொல்லியிருக்கிறார்: "அந்தக் கோட்டைக்குள்ள இருந்த ராசாகிட்ட எவனாச்சும் போயி கடப்பாரை கேட்டிருப்பானா? மதில அண்ணாந்து பாத்தாலே கேக்க வந்தது மறந்து போகும். நம்ம வீட்டையும் அப்பிடிக் கட்டிருவோம். நான் சொல்ல வேண்டியதில்ல. வீடே சொல்லிரும்."

ஆக, 'இல்லை' என்று சொல்வதற்கு ஒரு வீடு! இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேர் எத்தனையோ ஆசையில் வீடு கட்டியிருக்கிறார்கள். இப்படி ஒரு காரணத்துக்கு யாரும் கட்டியிருக்க மாட்டார்கள்.

சின்னமனூரிலிருந்து கொத்தனார் வந்தார். அவருக்குக் குஷி தாங்கவில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் நேராகப் போகாமல் ஏறி இறங்கி, பல் பல்லாக எழுந்தது. தெருவைப் பார்த்த மதிலுக்கு இரண்டு மூலையிலும் அரைவட்டக் கொத்தளம். ஒன்றுக்குள் குளியலறை, மற்றதில் விறகும் கோழியும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அதைக் காவல் கோபுரமாக்கினார்கள். சிமெண்டுப் பூச்சு காய்வதற்குள் கரண்டியால் கோடு கீறி, பாறாங்கல்லை அடுக்கிக் கட்டியதுபோல ஒரு தோற்றம் வரவைத்து, மேலே காவிநிறம் அடித்தார்கள். நடுவில் குமிழ் வைத்த பெரிய இரட்டைக் கதவு. அதில் ஆள் குனிந்து நுழைய ஒரு திட்டிவாசல். இரண்டு பக்கமும் பட்டறையில் அடித்து வாங்கின ஈட்டி.

"பீரங்கி எங்கனண்ணே வைக்கிறது? குளியல்ரூமுக்கு மேலயா?" என்று கொத்தனார் கேட்டார். இவர் சிரிக்காமல் யோசித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மதிலில் நெஞ்சு உயரத்துக்கு வரிசையாக ஓட்டைகள் வைத்தார். முழங்கை நீளம், ஒரு கை நுழையும் அகலம். கோட்டையில் வீரர்கள் ஒளிந்திருந்து அம்பு விடுவார்களே, அது.

"எதுக்குண்ணே இது?"

"எதிரி வாரானான்னு பாக்க."

"ஒங்களுக்கு யாருண்ணே எதிரி?"

அவர் ஓட்டை வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார். "யாரும் இல்ல தாயி. இருந்தாலும் இருக்கட்டும்."

பால் காய்ச்சிய மறுநாளே கோட்டை விழத் தொடங்கியது. முன்பெல்லாம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, காப்பி குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்கிறவர்களுக்கும் ஒரு கூச்சம் இருந்தது. இப்போது அந்தச் சிரமமே இல்லை. தெருவில் போகிற பொம்பளைகள் அம்பு ஓட்டைக்குள் கையை விட்டு, "அண்ணே, ரெண்டு இணுக்குக் கறிவேப்பிலை" என்பார்கள். முகம்கூடத் தெரியாது. வளையல் போட்ட ஒரு கை மட்டும் உள்ளே நீண்டிருக்கும். அவர் வளையலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து, இலையைப் பறித்துக் கையில் வைப்பார். அவர் கட்டியது மறுக்கிற மதில். ஊர் அதைக் கேட்கிற ஜன்னலாக்கிவிட்டது.

கதவின் கதையும் இப்படித்தான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "கதவு கனக்குதுண்ணே, பிள்ளையத் தூக்கிட்டு எப்பிடித் தள்ளுறது?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அன்றைக்கே இரண்டு கதவையும் விரியத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, திராட்சைப் பந்தலுக்கு நடுகிற கல்தூணை ஆள் வைத்துத் தூக்கிவந்து கதவுக்கொன்றாகச் சாய்த்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கோட்டைக்குள் நாய் போனது, ஆடு போனது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போனார்கள். கல்யாண ஜோடிகளைக் கூட்டிக்கொண்டு போட்டோக்காரர்கள் வந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் குமிழ்க் கதவில் சாய்ந்து நிற்க, மதினி பெண்ணுக்கு ஊக்கு எடுத்துக் கொடுப்பாள், இவர் இளநீர் வெட்டிக்கொண்டு நிற்பார். ஈட்டிகளைப் பள்ளிக்கூட நாடகத்துக்குக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒன்றுதான் திரும்பி வந்தது.

எனக்கும் அந்த ஓட்டைகளுக்கும் ஒரு சண்டை உண்டு. வைகாசி கழிந்து மேற்கேயிருந்து காற்று இறங்கினால், அத்தனை ஓட்டையும் விசிலடிக்கும். எதிர்வீட்டு அடுப்படியில் நிற்கிற எனக்கு, என் குக்கர் விட்டது எது, கோட்டை விட்டது எது என்று தெரியாது. ஒரு வாரம் என் வீட்டுக்காரர் வேகாத பருப்பைத் தின்றார். ஒரு நாள் பொறுக்காமல் கரண்டியோடு தெருவில் இறங்கி, "ஒங்க கோட்டை எங்க வீட்ல குழம்பு வைக்க விடாதுபோலயே!" என்று சத்தம் போட்டேன். பாவம், அன்றே எல்லா ஓட்டையிலும் சாக்கைத் திணித்தார். மறுநாள் காலையில் பார்த்தால் பாதி ஓட்டைகளில் சாக்கு இல்லை. கேட்டதற்கு, "கை விட முடியலன்னு சொன்னாக தாயி" என்றார். என் கரண்டிக்கும் இல்லை என்று சொல்லவில்லை, அவர்கள் கைக்கும் இல்லை என்று சொல்லவில்லை. நான் குக்கரைப் பக்கத்தில் நின்று பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அவருக்கு ஒரே மகள், கவிதா. என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அப்பாவின் சாந்தமும் அம்மாவின் நாக்கும் கலந்து வந்த பிள்ளை. நான் பெறாத பெண் என்று சொன்னால் மிகையில்லை. பன்னிரண்டாவது முடித்து, தேனியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து, சேர்வதற்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஜெயமங்கலத்திலிருந்து அவருடைய அக்கா போன் பண்ணினாள்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் தாயைப் பறிகொடுத்த தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு ஒரு மகன். கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தான். குற்றம் சொல்ல முடியாத பையன்தான், ஆனால் கவிதாவைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவன். தம்பி மகளைக் கேட்பது அக்காவுக்கு முறை, உரிமை. எங்கள் பக்கத்தில் அந்த உரிமையை மறுத்தால் பிறந்த வீட்டுப் பாதை முடிந்தது என்று அர்த்தம். "ஞாயித்துக்கிழம பூ வைக்க வாரோம்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். இவர் வாயைத் திறந்திருக்கிறார். தொண்டையில் ஏதோ வந்து நின்றிருக்கிறது. கடைசியில், "வாங்கக்கா" என்றுவிட்டு போனை வைத்துவிட்டார்.

பூ வைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளை வந்து பெண் தலையில் பூ வைத்தால் பேசி முடித்தது முடித்ததுதான். பிறகு தேனியாவது, நர்ஸாவது!

நான் அன்று அங்கேதான் இருந்தேன். கவிதா அழவில்லை. அடுக்கின பெட்டியை மூடிவிட்டு அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் குடுத்தாப்புல என்னயவும் குடுத்துராதீகப்பா" என்றாள்.

மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மடித்தார், திரும்பவும் துடைத்தார். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் இதே பேச்சு. அவர் மறுக்கப்போவதில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நானே என் வீட்டுக்காரரிடம், "பாத்துக்கிட்டே இருங்க, பூவ அவரே தட்டோட வாங்கிக் குடுத்துருவாரு" என்று எரிந்து விழுந்தேன்.

ஞாயிறு காலையில் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"தாயி, ஒங்க வீட்டுக்காரரு இருக்காகளா? ஒரு ஒத்தாசை வேணும்."

நான் திகைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் எங்களிடம் உதவி என்று கேட்டது அதுதான் முதல்முறை.

"என்னண்ணே?"

"கதவச் சாத்தணும்."

என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையைக் கழுவக்கூட இல்லை. அப்படியே எழுந்தார். தெருவில் சொல்லி அனுப்பினோம். கேட்டவர்கள் எல்லாரும் வந்தார்கள். கல்தூண் இரண்டும் மண்ணில் இறங்கி இறுகிப்போயிருந்தன. நெம்பக் கடப்பாரை வேண்டும். அதுதான் வீட்டில் இல்லையே! கடப்பாரையைத் தேடி மூன்று தெரு ஓடி, ஒரு வீட்டுக் கோழிக்கூட்டுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தார்கள். கீலில் துரு. நான் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். ஆண்கள் தோள்கொடுத்துத் தள்ள, கதவு ஒரு அலறு அலறிவிட்டு அசைந்தது. மதினியும் கவிதாவும் அவரும் உள்ளே. கோட்டைக் கதவு சாத்தப்பட்டதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. உண்மையைச் சொன்னால், சாத்தியிருக்கும்போது அந்த வீடு பார்க்கப் பயமாகத்தான் இருந்தது.

வேன் வந்தது. அக்கா இறங்கினாள், பின்னால் சொந்தக்காரப் பொம்பளைகள், கையில் பழத் தட்டு, வெற்றிலை, பந்து பந்தாக மல்லிகை. எல்லோரும் கதவை அண்ணாந்து பார்த்தார்கள். நாங்கள் எல்லாம் எங்கள் எங்கள் வாசலில் வேலை இருப்பதுபோல நின்றோம்.

அக்கா கதவைத் தட்டினாள். சத்தமில்லை. மதில் ஓரமாக நடந்தாள், அம்பு ஓட்டையைக் கண்டாள், அதில் வாயை வைத்தாள்.

"ஏலே தம்பி! உள்ளதான இருக்க? அக்கா வெயில்ல நிக்கிறேன்லே!"

போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். அந்தக் குரலுக்கு அவர் கரைந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதேபோலத் திட்டிவாசல் திறந்தது. அவர் குனிந்து வெளியே வந்தார். வந்தவர் நிமிர்வதற்கு முன்னால், கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தச் சின்னக் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே மதினி தாழ்ப்பாள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. கோட்டைக்காரர் கோட்டைக்கு வெளியே நின்றார்.

"என்னடா இது கோலம்? கதவத் தெற" என்றாள் அக்கா.

வாயைத் திறந்தார். தொண்டைவரை வந்தது. நின்றது. மேல்காற்று ஓட்டைகளில் லேசாக விசிலடித்தது.

"மாட்டேன்க்கா" என்றார்.

"என்னடா சொன்ன?"

"மாட்டேன்." இரண்டாவது தடவை சொல்லும்போது கண்ணில் தண்ணீர் கொட்டியது. "தோட்டத்தக் கேளு, வீட்டக் கேளு, எதுன்னாலும் எடுத்துக்க. அது எம்பொருளு. அவ எம்பொருளு இல்லக்கா. அவ படிக்கணும்கிறா."

"தட்டோட வந்துட்டேனேடா. திரும்பிப் போயி ஊர்ல மூஞ்சிய எங்கன வச்சுக்குவேன்?"

அதே வார்த்தை. அவர் நெஞ்சில் எந்த இடத்தில் அது இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் தன் அக்காவின் இரண்டு கையையும் பிடித்து, அதில் தன் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார். ஆனால் கதவைவிட்டு நகரவில்லை.

அக்கா அவரைத் தள்ளவுமில்லை, தேற்றவுமில்லை. மதில் நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த பொம்பளைகள் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அப்போது இவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி என்னிடம் ஓடிவந்தார்.

"தாயி, அக்கா வெயில்ல வந்திருக்காக. ஒரு வாய் காப்பி போட்டுக் குடுப்பியா? எங்க வீடு பூட்டியிருக்கு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பூட்டியிருக்காம்! அடப்பாவி மனுஷா, பூட்டினதே நீதானே! வேன் நிறைய வந்த கூட்டம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தது. காப்பி போட்டேன், உப்புமா கிண்டினேன். அவரே பரிமாறினார். அக்கா தட்டுக்கு முன்னால் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். அவள் வெகுநேரம் தொடவில்லை. பிறகு ஒரு வாய் எடுத்தாள்.

"இவனுக்கு இந்த வார்த்தை வாயில வருமா ஆத்தா?" என்று என்னிடம் கேட்டாள். "ரெண்டு வயசுல இவன் சோத்த அடுத்த பிள்ளை கேட்டா, தட்டோட தள்ளிவிட்டுட்டு வருவான். நாந்தான் திருப்பி ஊட்டுவேன். இன்னைக்கு எங்கிட்டயே சொல்லிட்டான் பாரு."

கோபமா, வருத்தமா, பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றும் இருந்திருக்கும்.

புறப்படும்போது அவள் நேராக வேனுக்குப் போகவில்லை. தட்டிலிருந்து மல்லிகையை எடுத்துக்கொண்டு மதிலுக்குப் போனாள். அம்பு ஓட்டைக்குள் கையை விட்டாள்.

"ஏ கவிதா. இந்தா. இது பொண்ணு கேட்டு வந்தவ வைக்கிற பூவில்ல. ஒங்க அத்தை வாங்கிட்டு வந்த பூ. வச்சுக்கிட்டுப் போயி ஒழுங்காப் படி."

கொஞ்ச நேரம் அந்தக் கை அப்படியே உள்ளே நின்றது. வெளியே வந்தபோது பூ இல்லை.

அன்று சாயங்காலமே கல்தூணை மறுபடியும் நெம்பிக் கதவை விரியத் திறந்து வைத்தாயிற்று. கடப்பாரையை யார் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் டம்ளரோடு உள்ளே போனேன். முற்றத்தில் கவிதா தலையில் பூவோடு பெட்டியைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க அக்கா கூட்டத்துக்குக் காப்பி போட்டு எங்க வீட்டுச் சீனி பூராம் காலி. ஒரு டம்ளர் சீனி குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். மதிலை அண்ணாந்து பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார்.

"மாட்டேன் தாயி" என்றார்.

கவிதாதான் முதலில் சிரித்தாள். மதினி சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கையில், அவர் அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்திருந்தார். சீனி டப்பாவே என் கையில் இருந்தது.